தொட்டுக்கொள்ள ஒரு பக்கம்

நான்கு மணிக்கு டாக்டர் வருவார். வந்ததும் சங்கரலிங்கம் அண்ணாச்சி அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவார். நாளைக் காலையில் ஆவுடையக்காவின் வயிற்றில் துளை போட்டுக் குழாய் சொருகுவார்கள். அதற்குள் ஜெபக்கனி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதில் ஐந்து சொல்தான். காலையிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டாள். புதன்கிழமை நான் வாயில் குழம்பு கொடுத்தேன். என்ன குழம்பு என்பதையும் சேர்த்தால் ஆறு. இப்போது மணி மூன்று அடித்து ஏழு நிமிடம். இரண்டாவது மாடி வராந்தாவில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே, ஒன்றோடு ஒன்று பிணைத்த இரும்பு நாற்காலிகளில் கடைசியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாற்காலி தள்ளி அண்ணாச்சி, ஆவுடையக்காவின் உடன்பிறந்தவர், மோவாய் நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த நாற்காலியில் அவருடைய கண்ணாடிக் கூடும், கையெழுத்துப் போடவேண்டிய தாளும், அதற்கு மேல் நர்ஸ் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டும். கையுறை நான்கு ஜோடி, பஞ்சு ஒரு சுருள், உப்புத் தண்ணீர் இரண்டு பாட்டில். அவள் அதைத் தன்னையறியாமல் தேவையான பொருட்கள் என்று தலைப்புக் கொடுத்து வாசித்துவிட்டாள். வாசித்து முடித்ததும் கண் கீழே இறங்கி, எத்தனை பேருக்கு என்று தேடியது. பழக்கம். இந்த வேளையிலும் விடாத பழக்கம். எத்தனை பேருக்கு என்றால் ஒரே ஒரு பேருக்கு, அறுபத்தோரு வயது, இதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சின்ன டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

எல்லாச் சமையல் புத்தகத்திலும் நாலு பேருக்குத்தான் எழுதியிருப்பார்கள். அதில் ஆவுடையக்காவுக்கு ஒரு தீராத கோபம் உண்டு. நாம ரெண்டு பேருதானட்டி, மத்த ரெண்டு பேரு யாரு, வாசல்ல நிக்காவளா, கூப்பிடு என்பாள். பிறகு அந்த இரண்டு பேரை அவளே கூப்பிடுவாள். தபால் ஆபீஸில் அவளுடைய மேலதிகாரி ஒருத்தர் உண்டு, எதைச் சாப்பிட்டாலும் உப்பு கம்மி என்பவர், அவரை உட்கார்த்திவைப்பாள். ஜெபக்கனி வேலை பார்த்த கல்லூரி ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் அம்மாவை அடுத்து உட்கார்த்திவைப்பாள். அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பிரியாணி சாப்பிடுவார்கள். பிரியாணி எங்கே இருந்தது? பாளையங்கோட்டையில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில், மாடி அறை எண் பதினொன்றில், ஆவுடையக்கா மடியில் விரித்திருந்த புத்தகத்தில் இருந்தது. தட்டில் இருந்தது விடுதிச் சோறும், தட்டின் அடி தெரிகிற சாம்பாரும். அறையில் அடுப்பு கூடாது, மின்சாரக் கெட்டில் கூடாது, ஊதுபத்தி கொளுத்தினால்கூட வார்டன் மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவாள். தட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம் என்பது ஒன்றுதான் அங்கே இருந்த சுதந்திரம். ஜெபக்கனி அந்த அறைக்கு வந்த முதல் வாரத்தில், சோற்றைப் பிசைந்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, அதுவரை அதிகம் பேசாத அந்த ஒல்லியான ஆவுடையக்கா தண்ணீர் ஜாடியில் ஒரு புத்தகத்தைச் சாய்த்து நிறுத்தி, சாதாரணமாகக் கேட்டாள்: “உனக்கு என்ன தொட்டுக்க? நான் எழுபத்தி மூணாம் பக்கம் எடுத்துக்கிடுதேன்.” எழுபத்து மூன்றாம் பக்கத்தில் சேனை வறுவல். சேனையை விரல் கனத்துக்கு நறுக்கவும். மஞ்சள் தூள் போட்டு அரை வேக்காடாக வேகவைத்து நீரை வடிக்கவும். அவள் வாசித்த வாசிப்பில் வடிக்கவும் என்ற சொல்லில் ஆவி வந்தது. முறுகலாகும்வரை திருப்பித் திருப்பிப் போடவும் என்ற இடத்தில் ஜெபக்கனியின் வாயில் எச்சில் ஊறிற்று. கையிலிருந்த வெறும் சாம்பார் சோறு எப்படி இறங்கியது என்றே தெரியவில்லை. தட்டு காலியாகியிருந்தது. இருபத்து மூன்று வருடம் அப்படியே போயிற்று. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது நடந்தது, தினம் தினம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு.

நான்கு மணிக்கு முன்னால் சொல்ல வேண்டும். மூன்று பதினொன்று. கதவு திறந்து ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். கதவு மூடுவதற்குள் உள்ளேயிருந்து இயந்திரத்தின் சின்னச் சின்னச் சத்தங்கள் வந்து அறுந்தன. அண்ணாச்சி விழிக்கவில்லை. அவர் விழிக்காமல் இருக்க வேண்டும் என்றும், இப்போதே விழித்துவிட வேண்டும் என்றும் அவள் ஒரே மூச்சில் நினைத்தாள். சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை ஆவுடையக்காவை இங்கே கொண்டுவந்து சேர்த்தபோது சின்ன டாக்டர் தெளிவாகத்தான் கேட்டார். நுரையீரலில் ஏதோ இறங்கியிருக்கிறது, வாய்வழியாக ஏதாவது கொடுத்தீர்களா, தண்ணீரோ பாலோ எண்ணெய்ப் பதார்த்தமோ எதுவானாலும் சொல்லுங்கள், அதற்குத் தகுந்தபடி மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்றார். ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அந்த ஆட்டம் இரண்டு நொடிகூட இருக்காது. அதன் பேரில்தான் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. வாய்வழியாக எதுவும் போகவில்லை என்றால், மூக்குக் குழாயில் ஊற்றுகிற கஞ்சிதான் வயிற்றிலிருந்து எதுக்களித்து நுரையீரலுக்குள் போயிருக்க வேண்டும், அப்படியானால் இனி அந்தக் குழாயை நம்ப முடியாது, வயிற்றில் துளை போடுவதுதான் வழி என்று பெரிய டாக்டர் முடிவு செய்தார். குழாய் மேல் பழி. பாவம், அந்தக் குழாய் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னால் என்ன ஆகும்? துளை வேண்டாம் என்று ஆகலாம், மருந்து மாறலாம். இன்னொன்றும் ஆகும். அவளை உள்ளே விடமாட்டார்கள். அவள் யார்? ரத்தமா, உறவா, ஜாதியா? அறைத் தோழி. விடுதிப் பதிவேட்டில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்த பெயர். சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்துவரை பார்க்கலாம் என்றால், அதில் கடைசிப் பத்து நிமிடம் அண்ணாச்சி பார்த்து அவளுக்கு விட்டுத்தருவது. அந்தப் பத்து நிமிடத்தில் அவள் படுக்கையருகே குனிந்து, மெதுவாக, ஒரு பக்கம் வாசிப்பாள். ஆவுடையக்காவுக்குக் கேட்கிறதா என்பது தெரியாது. நேற்று வாசித்தது பருப்பு உருண்டைக் குழம்பு. உருண்டை உடையாமல் இருக்க வேண்டுமே என்று அவள் வாசிக்கும்போதே பயந்தாள்.

தண்ணீர் என்று சொல்லலாம். அதை அவள் யோசிக்காமல் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், தாகமாக இருப்பாளோ என்று ஒரு சொட்டு விட்டேன் என்றால் யாரும் கொலை செய்ததுபோலப் பார்க்கமாட்டார்கள். ரசம் என்றால் இன்னும் பொருத்தம். ஆனால் எண்ணெய் என்று டாக்டர் சொன்னாரே. எண்ணெயானால் மருந்து வேறு என்றாரே. நல்லெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி ஊற்றித் தாளித்த குழம்பு அது. தண்ணீர் என்று சொன்னால் தண்ணீருக்கு உரிய மருந்தைக் கொடுப்பார்கள், உள்ளே இருப்பது எண்ணெய். அளவு தப்பக் கூடாது. அளவு விஷயத்தில் ஆவுடையக்கா எவ்வளவு கறார்! தேவையான அளவு உப்பு என்று எழுதியிருக்கும் புத்தகத்தை அவள் சந்தேகத்தோடுதான் பார்ப்பாள். யாருக்குத் தேவையான அளவு, இந்தம்மாவுக்கே தெரியலை, அதான் நம்ம தலையில கட்டுதா என்பாள். ஒரு கைப்பிடி என்று எழுதியிருந்தால் தன் கையை விரித்துப் பார்ப்பாள், பிறகு ஜெபக்கனியின் கையை இழுத்து விரித்துப் பார்ப்பாள். உன் கைப்பிடியா என் கைப்பிடியா? சம்பளம் வந்த மறுநாள் இரண்டு பேரும் ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகக் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் சமையல் புத்தகங்களைத் தனியே கட்டிவைத்திருப்பார். அட்டை கிழிந்தது, மஞ்சள் கறை படிந்தது, ஓரத்தில் யாரோ பென்சிலால் மிளகாய் கூடப் போடவும் என்று எழுதியது. குக்கர் வாங்காமலே குக்கரோடு கொடுக்கிற குறிப்புப் புத்தகங்கள் ஏழு சேர்ந்தன. கறை படிந்த பக்கம்தான் நல்ல பக்கம், அதைத்தான் அந்த வீட்டில் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள் என்று ஆவுடையக்கா கண்டுபிடித்து வைத்திருந்தாள். கறையை முகர்ந்துகூடப் பார்ப்பாள். மீன் குழம்புக் கறையையும்.

அதுதான் விடுதி முழுக்கச் சிரிப்பு. ஆவுடையம்மாள் சுத்த சைவம். முட்டை உடைத்த வாசம் வந்தால் மாடியிலிருந்து இறங்கமாட்டாள். ஆனால் வாசிப்பதில் அவளுக்குப் பிடித்தது மீன். விளமீனை எப்படிச் செதில் எடுப்பது, நெத்திலியைத் தலை கிள்ளும்போது குடல் எப்படிச் சேர்ந்து வரும், எந்த மீனுக்குத் தேங்காய் அரைக்க வேண்டும், எதற்கு அரைக்கவே கூடாது, எல்லாம் தெரியும். மீன் தின்று வளர்ந்த ஜெபக்கனிக்கு அவ்வளவு தெரியாது. பக்கத்து அறைப் பெண் ஒருத்தி, சைவம் சைவம் என்று சொல்லிக்கொண்டு அயிரை மீனை வாயைப் பிளந்து வாசிக்கிறீர்களே, சாமி கண்ணைக் குத்தாதா என்று சீண்டினாள். “மீனை நான் திங்கலையே, வாசிக்கத்தானே செய்யுதேன். வாசிக்கதுக்குத் தீட்டு உண்டுன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு, கொண்டா, அதையும் வாசிப்போம்” என்றாள் ஆவுடையக்கா. ஒருநாளும் அவள் வாயில் பட்டதில்லை. படவேண்டும் என்று அவள் கேட்டதும் இல்லை. இல்லை, கேட்டதில்லை. அதுவரை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் விடுதியில் இருக்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து பெருமாள்புரத்தில் சின்னதாக ஒரு வீடு பிடித்தார்கள். சமையலறை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நூற்றுப் பதினாறு சமையல் புத்தகம் வாசித்தவர்களுக்கு உப்புமாவே கட்டி தட்டியது. ஆவுடையக்கா தட்டைத் தள்ளிவைத்து, புத்தகத்தை எடுத்து, அதே உப்புமாவை மறுபடி வாசித்தாள். இங்க நல்லாத்தான்டி இருக்கு என்றாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஜெபக்கனிக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டித் தட்டித் தண்ணீர் கொடுத்தாள் ஆவுடையக்கா. புரை ஏறுவதை நினைத்ததும் அவளுடைய நினைப்பு நின்றது, முள்ளில் சேலை மாட்டினதுபோல. புரை. அந்தச் சத்தம். புதன்கிழமை அது வந்தது, சின்னதாக, ஒரே ஒரு தடவை. ஒரு பூனை தும்முகிறமாதிரி. அவள் பதறித் தலையைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை காய்ச்சல்.

மூன்று இருபத்தெட்டு. அண்ணாச்சி லேசாகக் குறட்டை விட்டார். அவருடைய வீட்டில்தான், டவுனில், ஆவுடையக்கா ஐந்து மாதமாகப் படுத்திருந்தாள். பக்கவாதம் வந்தது மார்கழியில். வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று, விழுங்குவது போயிற்று. இடது கையும் கண்ணும் மிச்சம். உடன்பிறந்தவர் என்ற முறையில் அண்ணாச்சி அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார், அதில் ஜெபக்கனி சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் தினமும் பஸ் ஏறிப் போனாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அண்ணாச்சியின் மனைவி கஞ்சியைக் குழாய் வழியாக ஏற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். அது இறங்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணிக்கு ஜெபக்கனி வாசித்தாள். என்ன தொட்டுக்கிடுத, அக்கா என்று கேட்பாள். ஆவுடையக்கா கண்ணால் புத்தக அடுக்கில் ஒன்றைக் காட்டுவாள். வயிற்றுக்குள் வெள்ளைக் கஞ்சி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். காதுக்குள் கத்திரிக்காய் எண்ணெய் பிரிந்து மினுங்கும். அண்ணாச்சியின் பேரப்பிள்ளைகள் கதவோரம் நின்று கேட்டுவிட்டுப் பசிக்கிறது என்று அழுதார்கள். கடைசியாக வாசித்துக்கொண்டிருந்தது ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி எழுதிய புத்தகம். கணவருக்கு மாற்றலான பன்னிரண்டு ஸ்டேஷன்களிலும் என்ன சமைத்தாள், யாருக்குப் போட்டாள் என்று அந்தம்மா எழுதியிருந்தாள். சமையல் குறிப்பு பாதி, வாழ்ந்தது பாதி. ஆறாவது ஸ்டேஷனில் மழை. தண்டவாளம் மூழ்கி ரயில் இரண்டு நாள் நின்றுவிட்டது. மீன்கூடையோடு சந்தைக்குப் போகிற பொம்பளை ஒருத்தி அதில் மாட்டிக்கொண்டாள். கூடை முழுக்க விளமீன், இனி விற்க வழியில்லை, எடுத்துக்கோங்க தாயி என்று இறக்கிவைத்தாள். தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவில் குழம்பு வைத்தார்கள். கரண்டி போட்டால் மீன் உடையும் என்று இரண்டு பேர் அண்டாவைப் பிடித்துச் சுழற்றினார்கள். தட்டு போதவில்லை, உள்ளங்கையில் ஊற்றினோம் என்று எழுதியிருந்தாள் அந்தம்மா. அந்த வரியில் ஆவுடையக்காவின் இடது கை எழும்பி வந்தது. ஆள்காட்டி விரல் வரிமேல் உட்கார்ந்தது.

விடுதி நாளிலிருந்தே அது அவர்கள் பழக்கம். ஒரு வரி பிடித்துவிட்டால் விரலை வைக்க வேண்டும், வாசிக்கிறவள் திரும்ப வாசிக்க வேண்டும். ஜெபக்கனி திரும்ப வாசித்தாள். தட்டு போதவில்லை, உள்ளங்கையில் ஊற்றினோம். விரல் எடுக்கவில்லை. மறுபடி வாசித்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது ஆவுடையக்கா புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை. வேண்டும் என்கிற பார்வையா? இல்லை, வரி அவ்வளவு பிடித்ததா? இல்லை, விரலைத் தூக்கத் தெம்பு இல்லையா? அன்று செவ்வாய்க்கிழமை. பஸ்ஸில் திரும்பும்போது வேண்டும் என்றுதான் கேட்டாள் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். ஐந்து மாதமாக நாக்கில் எதுவும் படாத மனுஷி. வாசித்து வாசித்து நான்தான் அவளைப் பட்டினி போடுகிறேன் என்று தோன்றிற்று. அன்றே மார்க்கெட்டில் இறங்கி விளமீன் வாங்கினாள். பெருமாள்புரத்து வீட்டு அடுப்பில் மீன் ஏறியது அதுதான் முதல் தடவை. புத்தகத்தை எதிரே நிறுத்தி, வரிக்கு வரி செய்தாள். தேங்காயோடு சீரகம், சின்ன வெங்காயம். புளி ஒரு எலுமிச்சை அளவு. கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றினாள். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டாள். புத்தகத்தின் பக்கத்தில் எழுதியிருந்ததுபோலவே இருந்தது. நூற்றுப் பதினாறு புத்தகத்தில் முதல்முதலாக ஒரு பக்கம் சரியாக வந்திருந்தது, அதைச் சொல்லிச் சிரிக்க எதிரே ஆளில்லை. புதிய வெள்ளைத் துணியில் மூன்று தடவை வடிகட்டி, கழுவிய டானிக் பாட்டிலில் ஊற்றினாள். மறுநாள் அந்தச் சைவ வீட்டுப் படியில் அதைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு ஏறினாள். வாசம் தெரியாமலிருக்கத் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். தலைவலியா என்று அண்ணாச்சியின் மனைவி அன்பாக விசாரித்தாள். கஞ்சி ஏற்றிவிட்டு அவள் உள்ளே போனதும் கால் டீஸ்பூன். கால்தான். ஆவுடையக்காவின் உதட்டுக்குள் மெதுவாக. அந்த முகம். அதை யாரிடமும் சொல்ல முடியாது. கண் மூடிக்கொண்டது. நாக்கு உள்ளே எதையோ தேடுகிறமாதிரி அசைந்தது. இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது, விடவே இல்லை. கண்ணோரத்தில் நீர் வந்தது, புளிப்பாலா, காரத்தாலா, எதனால்? பிறகுதான் அந்தப் பூனைத் தும்மல்.

“மத்தியானம் சாப்பிட்டீங்களா?” அண்ணாச்சி விழித்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஜெபக்கனி சாப்பிட்டேன் என்றாள், சாப்பிடவில்லை. அவர் நல்ல மனுஷர். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் கம்பம் ஏறியவர், கத்திப் பேசத் தெரியாதவர். தினமும் இப்படி வந்து உட்காருவதற்கு உடன்பிறந்தாள்கூட ஒரு நாள் சலித்துக்கொள்வாள், நீங்கள் சலிக்கவில்லை, ஆவுடை கொடுத்துவைத்தவள் என்றார். அது அவளுக்குள் போய் எங்கோ கிழித்தது. அவர் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிறமாதிரி பேசினார். வயிற்றில் ஓட்டை போடுவது மனசுக்கு ஒப்பவில்லை, ஆனால் வேறு வழி இல்லையென்று டாக்டர் சொல்கிறாரே என்றார். குழாய்க் கஞ்சியில் முட்டைப் பவுடர் கலந்தால் தெம்பு வரும் என்று முதல் மாதமே சொன்னார்களாம். “நான் வேண்டாம்னுட்டேன். அவ வாயில ஒருநாளும் பட்டதில்ல பாருங்க. நாளைக்கு எந்திரிச்சு உட்கார்ந்து, எனக்கு என்னத்தண்ணே குடுத்தேன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்ல?”

ஜெபக்கனி கைப்பையின் காதை முறுக்கினாள். மூன்று நாற்பத்தொன்று. இவரிடமா, இந்தச் சொல்லையா, இப்போதா? நாளைக்கு எழுந்து உட்கார்ந்து. எழுந்து உட்கார வேண்டுமானால் எண்ணெய்க்கு உரிய மருந்து போக வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். எழாவிட்டாலும் இருக்கமாட்டேன், அப்போது பக்கமே இருக்காது. இரண்டு கணக்கிலும் நான் இல்லை. ஒன்றில் அவள் இருக்கிறாள். இவ்வளவு எளிதாகவா இருந்தது இது, மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தேனே. யாரோ ஒருவர் வராந்தாவின் கோடியில் மூடியைத் திறந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார். அந்த வாசனை வந்தது. காபி நான்கு பேருக்கு. அவள் வாயைத் திறந்தாள்.

“அண்ணாச்சி, டாக்டர் சனிக்கிழம கேட்டார்லா, வாய்வழியா ஏதும் குடுத்தீங்களான்னு. நான் குடுத்தேன்.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“புதன்கிழம. கால் டீஸ்பூன். மீன் குழம்பு. நல்லெண்ணெய், புளி, மிளகாத்தூள், தேங்கா எல்லாம் சேர்ந்தது. முள்ளு இல்ல, துணியில வடிகட்டினேன். அதான் உள்ள போயிருக்கு. குழாயில தப்பு இல்ல.”

சொல்லிவிட்டாள். வராந்தா அப்படியேதான் இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தாள். அவர் கதவைப் பார்த்தார். பிறகு, அந்தக் கதவுக்கு உள்ளே கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவ கேட்டாளா?”

கேட்டாள். ஆமாம் என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது, அது ஒன்றுதான் ஜெபக்கனியிடம் இருந்தது. விரல் வைத்தாள், எடுக்கவில்லை, என்னைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்தாள். ஆவுடையக்கா கேட்டாள் என்பதில்தான் ஜெபக்கனி இந்த ஆறு நாளும் படுத்து எழுந்திருந்தாள். அது இல்லாவிட்டால் அவள் செய்தது என்ன? ஆனால் அண்ணாச்சியின் முகம். அவர் தன் தங்கைக்காக முட்டைப் பவுடரைத் திருப்பி அனுப்பியவர். ஆமாம் என்றால், இந்த முகத்தோடு அவர் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். இந்த முகத்தோடு நாளைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போவார். அந்த வீட்டில் அவள் கிடக்கிற நாளெல்லாம், கஞ்சி ஏற்றும்போதெல்லாம், மீன் கேட்டவள் என்பது அறையில் ஒரு வாசமாக இருக்கும். ஆவுடையக்கா ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, வாசிக்கத்தானே செய்யுதேன் என்று ஒரு பதிலைத் திருப்பி அடிக்க முடியாது. வாயில்லாதவள் தலையில் அதை வைப்பதா? தவிர, நிஜமாகக் கேட்டாளா? கேட்டிருந்தாலும் அது என்னிடம் கேட்டது. என்னிடம் மட்டும்.

“இல்ல அண்ணாச்சி. அக்கா கேக்கவே இல்ல. கண்ணை மூடிக் கிடந்தா. நானாத்தான் ஊத்தினேன். என்னன்னுகூட அவளுக்குத் தெரியாது.”

அவர் பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. தோள் இறங்கியது. முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அதற்கு அடியில் தெளிவாக, நிம்மதி. தங்கை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். ஜெபக்கனி அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அதைப் பார்க்க அவளால் முடிந்தது. அவர் கையெழுத்துப் போடாத தாளை நான்காக மடித்தார். சின்ன டாக்டரிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். வாயில் ஏதோ கொடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறேன், அது போதுமே என்றார்.

“போதாது அண்ணாச்சி. எண்ணெய்னு சொல்லணும். குழம்புக்கு ரெண்டு மேஜைக்கரண்டி. மீன்னும் சொல்லணும்.”

அவர் தலையசைத்தார். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பி, குரல் உயராமல், எப்போதும்போல மரியாதையோடே சொன்னார்.

“நீங்க இனிமே வர வேண்டாம். நாங்க பாத்துக்கிடுதோம்.”

சரி அண்ணாச்சி என்றாள். அவர் சின்ன டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். முதல் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது கீழே நான்கு மணி அடித்தது. பார்வை நேரம். கீழ்வாசலில் காத்திருந்த கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் படியேறி வந்தது, பிளாஸ்க்கும் தூக்குச்சட்டியும் பழப்பையுமாக, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு. அவர்களுக்கு வழி விட்டு, எல்லோரும் ஏறி முடிகிறவரைக்கும், அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.